உச்சிக்குழிக்கு விட்ட இடம்

துடிக்கிறது. நின்றுவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன், இல்லை, துடிக்கிறது, நெற்றிக்கு மேலே அந்தப் பூனைமயிருக்கு அடியில் தோல் லேசாக எழும்பி லேசாக அமிழ்கிறது, உள்ளேயிருந்து யாரோ சுட்டுவிரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுபோல. இதை எழுதுவது இப்போது, வீடு அடங்கிய பிறகு. ஆனால் என் கை இன்னும் மத்தியானத்திலேயே இருக்கிறது, என் மகள் துளசி பால் குடித்துவிட்டு இடது கை மடிப்பில் தலையை வைத்துத் தூங்கிய அந்த ஒரு தூக்கத்திலேயே. ஐந்து மாதக் குழந்தையின் தூக்கம் எவ்வளவு நீளம் என்று யாரால் சொல்ல முடியும், ஒரு பிரஷர் குக்கர் விசிலில் முடிந்துபோகலாம், சாயங்காலம் வரைக்கும் போகலாம், அதற்குள் நான் முடிக்க வேண்டும். வலது பக்கம் முக்காலியின்மேல் சாய்த்து வைத்த பலகை, பலகையில் வெள்ளை அட்டை, அட்டையில் பச்சைக் குழந்தை ஒன்றின் மண்டையோடு. சற்று மேலிருந்து, முக்கால் பக்கமாகத் திரும்பியது. கண்குழி முடிந்தது, கன்ன எலும்பு முடிந்தது, முளைக்காத பற்கள் ஒளிந்திருக்கும் தாடை முடிந்தது, எல்லாம் புள்ளிகள், கோடே கிடையாது, ஆயிரமாயிரம் மைப்புள்ளிகள். உச்சியில் மட்டும் சாய்சதுரமாக ஓரிடம் வெள்ளையாக நிற்கிறது. உச்சிக்குழிக்கு விட்ட இடம். துளசி வயிற்றில் இருந்தபோது விட்டது, பிறகு வைக்கலாம், பிறகு வைக்கலாம் என்று. இரண்டு தடவை தேதி தள்ளிக் கொடுத்தார்கள். நாளைக்கும் கொடுக்காவிட்டால் என் பெயரை எடுத்துவிடுவார்கள், அதோடு என் படிப்பு சரி.

என்ன படிப்பு என்று இந்தத் தெருவில் யாருக்கும் இன்னும் விளங்கவில்லை. நுண்கலையும் உடற்கூற்றியலும் என்று சொன்னால் எதிர்வீட்டு மாமி, "அப்போ டாக்டரா, டீச்சரா?" என்கிறார். ரெண்டும் இல்லை மாமி என்றால் பாவமாகப் பார்க்கிறார். அப்பா முதல் நாளே சொன்னார், ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால் வைக்காதேடி, வரையறதுன்னா வரை, படிக்கறதுன்னா படி. அவருக்கு எப்படிச் சொல்வது, எங்கள் பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்பை முதன்முதலாக யோசித்த ஆளை நான் நேரில் பார்த்ததில்லை, பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவேன். ஓவியத்தோடு இன்னொரு பாடம், எது வேண்டுமானாலும், நீயே எடுத்துக்கொள் என்று எவனோ எவளோ ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டும், மற்றவர்கள் சிரித்திருக்க வேண்டும், ஆனாலும் சொல்லியிருக்க வேண்டும். என் வகுப்பில் நஸ்ரின் நிலவியல் எடுத்தாள், சுத்தியலும் கையுமாகக் குவாரி குவாரியாக அலைந்து கல்லைப் பொடித்துத் தன் வண்ணங்களைத் தானே அரைத்துக்கொள்கிறாள், "இந்தச் சிவப்புக்கு வயசு என்ன தெரியுமாடி? டைனோசருக்கே பாட்டி" என்பாள். சட்டம் எடுத்த பிரின்ஸ் கோர்ட்டில் போய் உட்கார்ந்து சாட்சி சொல்பவர்களின் கையை மட்டும் வரைகிறான், முகம் பொய் சொல்லும், கை சொல்லாது என்பான், அது உண்மையோ இல்லையோ, அந்தக் கைகளைப் பார்த்தால் நான் நம்பிவிடுவேன். நான் எலும்பு எடுத்தேன். ஏன் எலும்பு என்று கேட்டால் கான்வென்டுக்குப் போக வேண்டும், விலங்கியல் ரெக்கார்டு நோட்டுக்கு, சிஸ்டர் எமரென்சியாவின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெரிய கண்களுக்கு.

தவளை. அதன் கண்ணில் ஒரு சொட்டு வெளிச்சம் விட்டிருந்தேன், அவ்வளவுதான் செய்த குற்றம். சிஸ்டர் நோட்டை வகுப்புக்கே தூக்கிக் காட்டி, "இது தவளையா, சினிமா ஸ்டாரா?" என்றார், நாற்பது ரிப்பன்களும் குலுங்கிச் சிரித்தன. நிழல் போடக் கூடாது. பென்சிலைச் சீவி ஒரே கோடு. பெயர்களெல்லாம் வலப்பக்கம், ஸ்கேல் வைத்து, படுக்கைக் கோடு, ஒரு கோடு இன்னொன்றை வெட்டக் கூடாது, வெட்டினால் கிழித்துவிடுவேன். கிழிக்கவும் கிழித்தார். அடுத்த பீரியட் ட்ராயிங், அங்கே மிஸ் என் பூச்சாடியைப் பார்த்து, "என்னம்மா இது, ரெக்கார்டு நோட் மாதிரி விறைச்சுப் போய் இருக்கு, உயிரைக் காணோமே" என்றார். இங்கே உயிர் அதிகம், அங்கே உயிர் இல்லை. இரண்டு வகுப்புக்கும் நடுவே ஒரு நீள வராண்டா, கன்னிமரியாள் சிலை, குடிதண்ணீர்க் குழாய். அந்த வராண்டாவில் நடக்கும்போதுதான் நான் நானாக இருந்தேன் என்று தோன்றுகிறது. அப்புறம் இந்தப் படிப்பில் சேர்ந்த முதல் வாரம், எங்கள் தேர்வு எப்படி நடக்கும் என்று காட்டினார்கள், அதை நினைத்தால் இப்போதும் புல்லரிக்கிறது. ஒரு படத்துக்கு இரண்டு பேர். உடற்கூறு மேடம் அதை மேசையில் போட்டு லென்ஸை வைத்துக்கொண்டு ஒரு சாண் தூரத்தில் குனிந்து பார்ப்பார், ஒவ்வொரு புள்ளியாக, ஒவ்வொரு எலும்பின் ஓரமாக. பிறகு ஓவிய சார் அதையே சுவரில் குத்திவிட்டு அறையின் கடைசிக்குப் போய்விடுவார், கதவில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, வெறுமனே நிற்பார். கிட்டே பொய்யாக இருந்தால் மேடம் கையெழுத்துப் போட மாட்டார். எட்டப் போனதும் படம் செத்துவிட்டால் சார் போட மாட்டார். அட்டையின் பின்பக்கம் இரண்டு கையெழுத்தும் இருந்தால்தான் படம். ஒன்று இருந்தால் ஒன்றுமில்லை. எவ்வளவு பெரிய மரியாதை அது, ஒரு தவளைக்கு, ஒரு எலும்புக்கு, ஒரு பெண்ணின் கைக்கு! சிஸ்டரும் ட்ராயிங் மிஸ்ஸும் ஒரே அறையில் ஒரே படத்தின் முன்னால் நிற்பது மாதிரி. உலகத்தில் இப்படி ஓர் அறை இருக்கிறது, அதற்குள் எனக்கு ஓர் இடம் இருக்கிறது, அதை நான் நாளைக்குத் தொலைக்கப் போகிறேன், ஒரு பொட்டு இடத்தில் மை வைக்கப் பயந்துகொண்டு.

பயம் என்றால் சும்மா பயம் இல்லை. எங்கள் துறை மியூசியத்தின் கண்ணாடிப் பெட்டியில் இருந்த அந்த மண்டையோட்டை நான் முதல் தடவை வரைந்தபோது எனக்கு ஒன்றுமே இல்லை, உள்ளங்கையில் அடங்குகிற சிமிழ் மாதிரி இருந்தது, என்ன அழகு என்றுதான் நினைத்தேன், பெட்டியில் ஒட்டிய சீட்டில் ஓர் எண், அவ்வளவுதான். உச்சியில் வெங்காயச் சருகு போல ஒரு காய்ந்த சவ்வு. பிரசவம் ஆகி, விடுப்பு முடிந்து, மறுபடி போய் அந்தப் பெட்டி முன்னால் நின்றேன், மார்பு கனத்து ரவிக்கை நனைந்துவிட்டது. அதற்குத் தெரியாது, என் உடம்புக்கும் தெரியவில்லை, அழாத ஒன்றுக்குப் பால் சுரக்கிறது. ஓடி வந்துவிட்டேன். அன்றிலிருந்து பேனாவை அந்த வெள்ளைக்கு மேலே கொண்டுபோனால் துளசியின் தலை தெரிகிறது. குத்துகிற மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் ஊசி. வரைந்தால் வரவழைத்துவிடுவேனோ, நான் போட்டு முடிக்கிற அன்றைக்கு இங்கே ஏதாவது நின்றுவிடுமோ, அறிவு கெட்ட நினைப்பு என்று எனக்குத் தெரியும், தெரிந்தால் போதுமா, காய்ச்சல் அடிக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற கையை அறிவால் நிறுத்த முடிகிறதா. குழி உள்ளே போயிருக்கிறதா, நீர்ச்சத்து இல்லையா, உப்பியிருக்கிறதா, உள்ளே அழுத்தமா, படித்த படிப்பெல்லாம் பயப்படுவதற்குத்தான் உதவுகிறது. காலையில் பலகையை எடுத்து வைத்தபோதே அத்தை சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்தார். என் மாமியார். வாய்தான் நீளம், வேறெதுவும் இல்லை. "ஏம்மா ஹேமா, பச்சப்புள்ளைய மடியில வச்சுக்கிட்டு மண்டையோட்ட வரையிறியே, உனக்கே நல்லாருக்கா? ஒரு கிளி, ஒரு மயிலுன்னு வரையக் கூடாதா?" நாளைக்குக் கொடுக்கணும் அத்தை என்றேன். "எங்க காலத்துல மண்டையோட்ட கரண்ட் கம்பத்துலதான் வரைவாங்க. கீழ ரெண்டு எலும்பப் போட்டு அபாயம்னு எழுதிரு, வேலை முடிஞ்சுது, பரிச்சையும் பாஸ்." நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "தூங்குற புள்ளையப் பாத்துப் பாத்து வரையாத, அம்புட்டுதான் சொல்லுவேன். பெத்தவ கண்ணுதான் மொதல்ல படும்."

பெற்றவள் கண். அத்தைக்குத் தெரியாது, இந்தக் குழியை நான் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே உடம்பால் பார்த்துவிட்டேன் என்று. பிரசவ மேசைமேல் கிடந்தபோது, நர்ஸம்மா, "முக்கும்மா, முக்கு, தலை தெரியுது" என்று கத்தியபோது, வலியின் நடுவில், கேவலம், எனக்கு வகுப்பு ஞாபகம் வந்தது. பிறக்கும்போது மண்டை எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று சரியும், வழிக்குத் தகுந்தபடி தலை நீளும், அதற்காகத்தான் அவை ஒட்டாமல் இருக்கின்றன. இப்போது சரிகிறது, இதோ இப்போது சரிகிறது என்று நினைத்துக்கொண்டே முக்கினேன். துளசி வந்தபோது சுரைக்காய் மாதிரி தலை, என் கணவர் பார்த்துப் பயந்துபோய், "ஏன் இப்படி இருக்கு?" என்றார், நான் உதடு காய்ந்து கிடந்தபடியே, சரியாயிடும், அது வர்றதுக்காக வளைஞ்சு கொடுத்திருக்கு என்றேன், என்னவோ நானே வடிவமைத்த மாதிரி ஒரு பெருமை. பெண்ணின் வயிற்றுக்கும் பிள்ளையின் மூளைக்கும் நடுவே யார் பேசி வைத்தது இதை! எலும்பு ஒட்டியிருந்தால் வந்திருக்கவே மாட்டாள். வந்த பிறகும் அந்த இடைவெளியில்தான் வளர்கிறாள். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்றீர்களே அப்பா, இரண்டு எலும்புக்கும் நடுவே என்ன துடிக்கிறது என்று வந்து தொட்டுப் பாருங்களேன். இதையெல்லாம் நினைத்துக்கொண்டு புள்ளி ஒன்றுகூட வைக்காமல் பேனா முனை காய்ந்துகொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. நஸ்ரின். காதில் இடுக்கிக்கொண்டு கிசுகிசுத்தேன். "முடிச்சிட்டியா?" இல்லை. "மகராசி, நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் உட்கார்ந்துருவாங்கடி. நான் வேணா ஆட்டோ எடுத்துட்டு வரவா, மியூசியம் சாவிய வாங்கி, நீ பெட்டியப் பாத்து வரை, நான் துளசிய வச்சுக்கறேன்." பெட்டியப் பார்க்க முடியாது நஸ்ரின். "அப்போ எதப் பாக்க முடியுதோ அதப் பாத்து வரை, லூசு. கல்லுகூட நான் கையில வச்சுப் பாத்துதான் வரையிறேன்" என்று வைத்துவிட்டாள்.

கையில் வைத்துப் பார்த்து. என் கையில்தானே இருக்கிறாள். இடது கையின் கட்டைவிரல் ஏற்கெனவே அவள் நெற்றியோரம் இருந்தது, அதை நகர்த்தினேன், மிக மெதுவாக, முடிக்கு உள்ளே. எலும்பு, எலும்பு, எலும்பு, பிறகு ஒரு சரிவு, பிறகு அது. ஓரம் கத்தி வெட்டியதுபோல இல்லை. பெட்டியில் இருந்ததில் காய்ந்து கூராகத் தெரிந்தது, நானும் கூராகத்தான் வரையத் திட்டமிட்டிருந்தேன், அது தப்பு, ஓரம் மணல்மேடு தண்ணீருக்குள் இறங்குவதுபோல இறங்குகிறது, எங்கே கரை முடிந்தது எங்கே ஆறு தொடங்கியது என்று விரலுக்கே தெரியவில்லை. அடடா என்று வாய்விட்டுச் சொன்னேன். துளசி உதட்டைச் சப்பினாள். வலது கை பேனாவை எடுத்தது, நான் எடுக்கச் சொல்லவில்லை. இடது கட்டைவிரல் அங்கே ஒரு மயிரிழை நகர்ந்தால் வலது கை இங்கே ஒரு புள்ளி வைக்கும். வெளிச்சம் எங்கள் விதிப்படி இடப்பக்க மேலிருந்துதான் வர வேண்டும், ஜன்னலும் இடப்பக்கம்தான், அவளுடைய நெற்றியில் எப்படி விழுந்ததோ அப்படியே அட்டையிலும் விழட்டும். புள்ளி. விரலுக்கு அடியில் துடிப்பு. புள்ளி. ஒரு கட்டத்தில் கவனித்தேன், துடிப்புக்குத் துடிப்புதான் மை வைக்கிறேன், அவள்தான் வைக்கிறாள், நான் அழுத்துகிறேன், அவ்வளவுதான். கரையில் நெருக்கமாக, இறங்க இறங்கக் கலைந்து, நடுவில் ஒன்றுமே இல்லாமல். நடுவில் ஒன்றும் வைக்கக் கூடாது. அங்கே வெள்ளைதான் துடிக்க வேண்டும். ஊசி என்று நினைத்ததெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை, ஊசி இல்லை, எண்ணெய் வைப்பது மாதிரி இருந்தது, தலைக்கு ஊற்றிய பிறகு உச்சியில் ஒரு சொட்டு விட்டுத் தேய்ப்போமே அது மாதிரி. முடிந்தது என்று தெரிந்தபோது தோள் மரத்திருந்தது. பெயர் எழுதுவதுதான் பாக்கி. பேனாவை மூடினேன். ஒரு நிமிஷம் கண்ணை மூடுவோம் என்று சுவரில் சாய்ந்தேன்.

விழித்தபோது முதலில் உச்சியைப் பார்த்தேன், துடித்தது. பிறகு கன்னத்தைப் பார்த்தேன், துளசியின் கன்னத்தில் புதிதாகக் கருப்புப் பொட்டு, அத்தை தூக்கத்திலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பிறகு அட்டையைப் பார்த்தேன். கன்ன எலும்பின்மேல், நான் இரண்டு வாரம் புள்ளி வைத்து உருட்டிய அந்த எலும்பின்மேல், அதே பக்கம், அதே அளவில், கண்மையால் ஒரு பொட்டு. "அத்தை!" என்று நான் போட்ட சத்தத்தில் துளசி திடுக்கிட்டு அழுதாள். அத்தை ஈரக்கையோடு ஓடி வந்தார். "என்னா? என்னா ஆச்சு புள்ளைக்கு?" புள்ளைக்கு ஒன்றுமில்லை, இது என்ன, இது என்ன அத்தை? அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இவ்வளவுதானா என்பதுபோல மூச்சுவிட்டார். "பொட்டு." எதுக்கு? "ரெண்டு பேரும் வாயப் பொளந்துக்கிட்டுத் தூங்குனீங்க. இவளுக்கு வச்சேன். அப்புடியே நிமுந்து பாத்தா அதுவும் தூங்குற மாதிரியே இருந்துச்சு. காலையில கரண்ட் கம்பம் மாதிரி கெடந்தது, இப்ப என்னமோ உச்சி துடிக்கிற மாதிரி..." அவர் சற்று நிறுத்தி, முந்தானையில் கையைத் துடைத்தார். "யாரு பெத்த புள்ளையோ. நாளைக்கு அத்தன பேரு கண்ணு படப்போவுது. அத மட்டும் வெறும் கன்னத்தோட அனுப்பச் சொல்றியா?" நான் குனிந்து அந்தப் பொட்டையே பார்த்தேன். அவருக்கு அப்போதுதான் உறைத்தது போல. "கெடுத்துட்டேனா? இரு, தேங்கா எண்ணெய தொட்டுத் தொடச்சா போயிரும்." ஐயோ எண்ணெய் வேண்டாம் என்று அட்டையின்மேல் குறுக்கே விழுந்தேன், துளசி அழுகையை நிறுத்திவிட்டு என்னை வேடிக்கை பார்த்தாள்.

எங்களுக்குத் தப்பை எடுக்கத் தெரியும். புது பிளேடை படுக்கையாகப் பிடித்து, மையை மட்டும் மெல்லச் சுரண்டி, நகத்தால் தேய்த்து, மறுபடி புள்ளி வைத்துவிடலாம், லென்ஸுக்கே தெரியாது. பிளேடை எடுத்தேன். எங்கே தொடங்குவது என்று பார்க்க லென்ஸையும் எடுத்துக் குனிந்தேன். என் புள்ளிகளெல்லாம் வட்டம் வட்டமாக, பேனாவின் புத்தி மாதிரி ஒரே அளவு. அவற்றுக்கு நடுவே அந்தப் பொட்டு, கருப்புக்குள்ளே மெல்லிய வரிகள், சுழித்துச் சுழித்து, அத்தையின் விரல் ரேகை. துளசியின் கன்னத்துக்கு லென்ஸைக் கொண்டுபோனேன். அதே சுழி. அட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, துளசியைத் தோளில் போட்டுக்கொண்டு, அறையின் கடைசிக்குப் போய்க் கதவில் சாய்ந்து நின்றேன், சார் நிற்பது போல. அங்கிருந்து ரேகை தெரியவில்லை, புள்ளி தெரியவில்லை, எலும்புகூடத் தெரியவில்லை. யாரோ குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, பொட்டு வைத்துத் தூங்கவிட்ட ஒரு குழந்தை. பெட்டிக்குள் எண்ணோடு கிடந்ததற்கு இதுவரை யாரும் செய்யாததை, அபாயம் என்று எழுதச் சொன்னவர் வந்து செய்துவிட்டுப் போயிருக்கிறார். நான் படித்து, பயந்து, ஓடிவந்து, கடைசிவரை அதற்கு ஓர் அம்மா இருந்தாள் என்பதையே சொல்ல முடியாமல் இருந்தேன். பிளேடை உறையில் போட்டேன்.

மேடம் என்ன சொல்வார், இது எந்த உறுப்பு என்பாரா, சார் சிரிப்பாரா, இரண்டு கையெழுத்தும் விழுமா, ஒன்றும் விழாதா, தெரியாது. எழுதிக்கொண்டிருக்கும் இந்த நேரத்திலும் தெரியாது. ஆனால் தப்பை மறைத்தால்தான் அது தப்பு, பெயர் சொல்லிவிட்டால் அதுவும் படத்தில் ஓர் உறுப்பு. ஸ்கேலை எடுத்தேன். சிஸ்டர் எமரென்சியா, பாருங்கள், எல்லாம் வலப்பக்கம்தான், படுக்கைக் கோடுதான், ஒன்றை ஒன்று வெட்டவில்லை. ஆங்கிலத்தில் ஒரு வரிசை, பக்கத்தில் தமிழில் ஒரு வரிசை, எங்கள் துறையின் வழக்கம் அப்படி. முன் உச்சிக்குழி என்று எழுதினேன். கண்குழி. கன்ன எலும்பு. கீழ்த்தாடை. பிறகு பொட்டிலிருந்தும் ஒரு கோடு இழுத்து, அதே எழுத்தில், திருஷ்டிப் பொட்டு என்று எழுதினேன். ஆங்கில வரிசையில் அதற்கு என்ன எழுதுவது என்று பன்னிரண்டு வருஷம் கான்வென்டில் படித்த எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தை வெள்ளையாகவே விட்டுவிட்டேன்.